ஏலகிரி வரை சைக்கிள், கிரிவலப் பாதையில் ஓட்டம்: புதிய சீசனுக்கு நான் போட்டிருக்கும் கணக்கு

இந்த வருடம் முழு தூரம். கடலில் 3.8 கிலோமீட்டர் நீச்சல், கரையேறி 180 கிலோமீட்டர் சைக்கிள், அதை நிறுத்திவிட்டு 42.2 கிலோமீட்டர் ஓட்டம். மூன்றும் ஒரே நாளில், ஒன்றன்பின் ஒன்றாக, 17 மணி நேரத்துக்குள். நவம்பரில் மலேசியாவின் லங்காவித் தீவில் நடக்கும் அயர்ன்மேன் போட்டிக்காகத்தான் இந்த ஏற்பாடு. கோவாவில் இதில் பாதி தூரத்தை முடித்திருக்கிறேன். பாதியை முடித்தவர்களுக்கு முழுசின் மேல் ஆசை வருவது இயல்பு. ஆசை வந்தபின் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். அந்தக் கணக்கைத்தான் இங்கே விரித்துச் சொல்கிறேன்.

வேலூரில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். வயது 44. மாதத்தில் ஒரு பகுதி நைட் டூட்டி. மகள் பிளஸ் டூ படிக்கிறாள். கடலுக்குப் போக வேண்டுமென்றால் சென்னைக்கு 140 கிலோமீட்டர். சித்திரை பிறந்தால் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். இந்த ஊரில் இருந்துகொண்டு இதற்கெல்லாம் தயாராக முடியுமா என்று தெரிந்தவர்கள் கேட்கிறார்கள். முடியும். முடிவதோடு, இதற்கு நல்ல ஊர் என்றே சொல்வேன். ஒரே நிபந்தனை: இலக்குகளை இந்த ஊரின் மாதங்களைப் பார்த்து வைக்க வேண்டும். எங்கோ குளிர்நாட்டில் இருக்கும் பயிற்சியாளர் எழுதிய 30 வார அட்டவணையை அப்படியே இறக்கி வைத்துக்கொண்டால், கத்திரி வெயிலில் ஐந்து மணி நேரம் சைக்கிள் மிதிக்கச் சொல்லும். நல்ல காற்றும் மேகமூட்டமும் இருக்கும் வாரத்தில் ஓய்வெடுக்கச் சொல்லும்.

இந்தப் போட்டியின் தூரங்கள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 1978 பிப்ரவரியில் ஹவாயின் ஓவாஹு தீவில் முதல் அயர்ன்மேன் நடந்தது. நீச்சல்காரர், ஓட்டக்காரர், சைக்கிள்காரர் இவர்களில் யாருக்கு உடல்வலு அதிகம் என்று எழுந்த பேச்சில்தான் அது பிறந்தது. ஜான் காலின்ஸ், ஜூடி காலின்ஸ் என்ற தம்பதி அந்தத் தீவில் ஏற்கனவே நடந்துகொண்டிருந்த மூன்றை எடுத்துச் சேர்த்தார்கள்: வைக்கீகி கடல் நீச்சல், தீவைச் சுற்றும் சைக்கிள் பயணம், ஹொனலூலு மாரத்தான். சைக்கிள் பாதை முதலில் 115 மைல். மாரத்தான் தொடங்கும் இடத்தில் போய் முடியட்டும் என்று 3 மைலைக் குறைத்தார்கள். அதனால்தான் இன்றைக்கும் உலகம் முழுக்க 112 மைல், அதாவது 180 கிலோமீட்டர். அன்று 15 பேர் கிளம்பி 12 பேர் முடித்தார்கள். முதலில் வந்த கார்டன் ஹாலர் எடுத்துக்கொண்ட நேரம் 11 மணி 46 நிமிடம்.

ஆக, நாம் இவ்வளவு மரியாதை கொடுக்கும் இந்த எண்கள் ஒரு தீவுக்காரர்களின் சொந்தச் சாலையும் சொந்தக் கடலும்தான். அதைப் படித்தபோது எனக்கு ஒரு யோசனை வந்தது. நம் பக்கத்தில் இந்த தூரங்கள் எங்கே கிடக்கின்றன?

வேலூரிலிருந்து ஏலகிரி மலைமேல் ஏறித் திரும்பினால் ஏறக்குறைய 180 கிலோமீட்டர். திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். மூன்று சுற்று வந்தால் 42. பழைய வட ஆர்க்காட்டு மாவட்டத்துக்குள்ளேயே இரண்டும் அடங்கிவிடுகின்றன. இப்போது மாவட்டங்கள் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று பிரிந்திருந்தாலும் சாலை அதே சாலைதான். இதைக் கண்டுகொண்ட பிறகு 180, 42 என்பவை எனக்கு வெறும் எண்களாக இல்லை. மாதனூர் டீக்கடை, வாணியம்பாடி மேம்பாலம், ஏலகிரி முதல் வளைவு, நிருதி லிங்கம், குபேர லிங்கம் என்று கண்ணால் பார்க்கிற இடங்களாகிவிட்டன. இலக்கு வைப்பதற்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

நேர இலக்கு பற்றிச் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை மணி நேரத்தில் முடிப்பீங்க?" என்பதுதான். முழு தூரத்தில் முதல் முறை இறங்கும் ஒருவர் அதற்கு ஓர் எண்ணைச் சொல்லி அதையே பிடித்துக்கொண்டு தொங்குவது எனக்கு உடன்பாடில்லை. அன்றைய கடல், காற்று, வெயில், வயிறு எதுவும் நம் கையில் இல்லை. ஆனால் கட்-ஆஃப் நேரங்கள், அதாவது தாண்டினால் போட்டியிலிருந்து நிறுத்திவிடும் கெடுக்கள், தெளிவாக இருக்கின்றன, அவற்றைப் பிரித்துப் பார்க்கலாம். வழக்கமான விதிப்படி நீச்சலுக்கு 2 மணி 20 நிமிடம். அதாவது 100 மீட்டருக்கு 3 நிமிடம் 41 விநாடி; பதறாமல் நீந்தினாலே போதும். சைக்கிளை, போட்டி தொடங்கியதிலிருந்து பத்தரை மணி நேரத்துக்குள் இறக்கி வைக்க வேண்டும். நீச்சலுக்கு 1 மணி 45 நிமிடம், உடை மாற்ற 10 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் சைக்கிளுக்கு எட்டரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே கிடைக்கிறது. சராசரி 21 கிலோமீட்டர் வேகம். மிச்சம் இருக்கும் ஆறரை மணி நேரத்தில் 42.2 கிலோமீட்டர் என்றால் ஒரு கிலோமீட்டருக்கு 9 நிமிடம் 14 விநாடி. வேக நடையையும் மெதுவான ஓட்டத்தையும் கலந்தால் இது வரும்.

இந்த எண்களைப் பார்த்து இலேசாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. ஜப்பானின் ஹிரோமு இனாடா 70 வயதில் டிரையத்லானுக்கு, அதாவது இந்த மூன்றும் சேர்ந்த விளையாட்டுக்கு, வந்தவர். ஹவாயின் கோனாவில் நடக்கும் உலக சாம்பியன் போட்டியில் 2015-ல் சில விநாடிகளில் 17 மணி நேரக் கெடுவைத் தவறவிட்டார். மறுபடி வந்து, 2018-ல் தன் 85-வது வயதில் முடித்துக் காட்டினார். எந்த விநாடி எங்கே கழன்று போகும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். நான் அவரிடமிருந்து எடுத்துக்கொள்வது இதுதான்: கட்-ஆஃபுக்கு எதிராக ஒவ்வொரு பகுதியிலும் கையிருப்பு வேண்டும். அந்தக் கையிருப்பைச் சேர்ப்பதுதான் பயிற்சி மாதங்களின் வேலை.

எனவே என் சீசன் இலக்குகள் எல்லாம் மாதத்துக்கு ஒன்றாக, அந்த மாதத்தில் வேலூர் எதைக் கொடுக்கிறதோ அதை ஒட்டி இருக்கின்றன. தை, மாசியில் விடியற்காலை 20 டிகிரிக்குக் கீழே இறங்கும். ஓட்டத்துக்கு இதைவிட நல்ல பருவம் கிடையாது. பங்குனியில் மகளுக்குப் பரீட்சை. நீண்ட பயிற்சி எதுவும் கிடையாது, வீட்டிலேயே தசைகளுக்கான பயிற்சி. சித்திரை, வைகாசி பெரும்பாலும் தண்ணீருக்குள். ஆனி, ஆடி சைக்கிளுக்கு. ஆவணி, புரட்டாசியில் மூன்றையும் சேர்த்து உச்சம். ஐப்பசியில் குறைத்துக்கொண்டு விமானம் ஏற வேண்டும்.

நீச்சலில்தான் எனக்கு அதிக வேலை இருக்கிறது, அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நான் ஒடுகத்தூர் பக்கத்துக் கிணற்றில் நீச்சல் கற்றவள். சித்தப்பா காய்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டி இறக்கிவிட்டார். கிணற்றில் கற்றவர்களுக்குத் தண்ணீர் பயம் இருக்காது. ஆழத்தைப் பார்த்து மூச்சு முட்டாது. கடலில் ஆயிரம் பேர் நடுவே இறங்கும்போது இது பெரிய சொத்து. அதே சமயம் கிணற்று நீச்சல் தலையைத் தூக்கி வைத்துக்கொள்ளப் பழக்கிவிடுகிறது. தலை மேலே போனால் இடுப்பு கீழே இறங்கும். இடுப்பு இறங்கினால் தண்ணீர் நெஞ்சைப் பிடித்துப் பின்னுக்கு இழுக்கும். அதை ஈடுகட்டக் கால் ஓயாமல் உதைக்கும். கிணற்றில் பத்து நிமிடத்துக்கு இது ஒரு பொருட்டே இல்லை. 3.8 கிலோமீட்டர் உதைத்துவிட்டு அதே கால்களோடு சைக்கிளில் ஏறுவது வேறு விஷயம். ஆகவே முதல் மூன்று மாதத்துக்கு நீச்சலில் வேக இலக்கு எதுவும் இல்லை. கண் குளத்தின் தரையைப் பார்க்க வேண்டும், நெற்றிக் கோட்டில் தண்ணீர் இருக்க வேண்டும், கால் மெல்ல அசைய வேண்டும். இவ்வளவுதான்.

எனக்குக் கிடைப்பது 25 மீட்டர் குளம், பெண்களுக்கான நேரம் ஒரு மணி. 3.8 கிலோமீட்டருக்கு 152 நீளம். ஒவ்வொரு முனையிலும் சுவரை உதைத்துத் தள்ளும்போது இரண்டு மூன்று மீட்டர் இலவசமாகக் கிடைக்கிறது, கூடவே ஒரு மூச்சு ஓய்வும். கடலில் சுவர் கிடையாது. அதனால் வாரத்தில் ஒரு நாள் சுவரைத் தொடாமல், ஒரு மீட்டர் முன்னாலேயே வளைந்து திரும்ப வேண்டும் என்று வைத்திருக்கிறேன். செய்து பார்த்தால் தெரியும்: பத்து நீளத்துக்குள் தோள் வேறு கதை சொல்லும்.

முன்னேற்றத்தை அளக்க ஓர் எளிய சோதனை உண்டு. நன்றாக உடம்பைச் சூடாக்கிக்கொண்டு 400 மீட்டர் முழு மூச்சில் நீந்த வேண்டும். கொஞ்சம் ஓய்வெடுத்துவிட்டு 200 மீட்டர். இரண்டு நேரங்களின் வித்தியாசத்தைப் பாதியாக்கினால், களைக்காமல் தாக்குப்பிடிக்கக்கூடிய 100 மீட்டர் வேகம் கிடைக்கும். உதாரணத்துக்கு 400 மீட்டருக்கு 9 நிமிடம் 20 விநாடி, 200 மீட்டருக்கு 4 நிமிடம் 20 விநாடி என்றால் வித்தியாசம் 5 நிமிடம். 100 மீட்டருக்கு இரண்டரை நிமிடம். ஆறு வாரத்துக்கு ஒரு முறை இதைச் செய்வேன். அந்த எண் இறங்காத சுற்றில் நீந்தும் தூரத்தைக் கூட்டாமல், தலையும் கையும் எங்கே போகின்றன என்று யாரையாவது கரையிலிருந்து படம் எடுக்கச் சொல்லிப் பார்ப்பேன்.

ஏரியில் நீந்தலாமே என்பார்கள். மழைக்குப் பிறகு நம் பக்கத்து ஏரிகள் நிறைந்து பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் வண்டல் மண்ணும் சவுடும் எடுத்த பள்ளங்கள் அடியில் எங்கே இருக்கின்றன என்று கரையில் நிற்பவருக்குத் தெரியாது. சேறும் கொடியும் காலைப் பிடிக்கும். ஏரியிலும் குட்டையிலும் போன பிள்ளைகளை நான் வேலை பார்க்கும் இடத்தில் பார்த்திருக்கிறேன். தனியாக இறங்காதீர்கள். திறந்த நீருக்கு நான் போகப்போவது சென்னைக்குத் தெற்கே கோவளம் கடலுக்கு, பயிற்சியாளரோடும் இடுப்பில் மிதவையோடும். ஆவணியில் மாதத்துக்கு இரண்டு முறை போக வேண்டும் என்பது இலக்கு. அலைக்கு நடுவே ஏழெட்டுக் கை வீச்சுக்கு ஒரு முறை கண்ணை மட்டும் முதலை மாதிரி மேலே கொண்டுவந்து திசை பார்த்துக்கொள்ளப் பழக வேண்டும். குளத்தின் அடியில் இருக்கும் கறுப்புக் கோடு அங்கே இருக்காது.

அடுத்து சைக்கிள். பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே போகப் போக நிலம் மெல்ல உயர்ந்துகொண்டே போகும். கண்ணுக்குச் சமதளம் மாதிரி தெரியும், கால் சொல்லும் அது ஏற்றம் என்று. ஆனி, ஆடியில் மேல்காற்று வேறு எதிரே நின்று தள்ளும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிறோம். பள்ளிகொண்டா தாண்டியதும் திறந்த வெளியில் அந்தக் காற்று நெஞ்சில் மோதும்போது பெரியவர்கள் சொன்னது புரியும். இதைக் கஷ்டம் என்று ஒதுக்காமல் பயிற்சியாக எடுத்துக்கொள்கிறேன். மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பார்க்க மாட்டேன். நெஞ்சுத்துடிப்பு ஓர் அளவுக்குள் இருக்கிறதா, இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேச முடிகிறதா என்று மட்டும் பார்ப்பேன். திரும்பும்போது அதே காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும். அப்போதும் அதே நெஞ்சுத்துடிப்பு. எதிர்காற்றில் ஆத்திரப்பட்டு மிதிப்பவர்தான் ஓட்டத்தில் உட்கார்ந்துவிடுகிறார்.

படிகள் இப்படி: வைகாசி முடிவதற்குள் ஆம்பூர் போய்த் திரும்ப வேண்டும், ஏறக்குறைய 100 கிலோமீட்டர். ஆனியில் வாணியம்பாடி, 130-ஐத் தாண்டும். ஆடியில் ஏலகிரி அடிவாரம். ஆவணியில் மேலே. 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். பாரி, ஓரி என்று பெயர்ப் பலகை ஒவ்வொன்றாகக் கடந்து ஏறுவதில் ஒரு தனி சந்தோஷம் இருக்கிறது. லங்காவியிலும் சைக்கிள் பாதையில் மேடு உண்டு என்பதால் இந்த ஏற்றம் வீண் போகாது. புரட்டாசி நடுவுக்குள் ஏலகிரி உச்சி வரை இரண்டாவது முறையும் போய்வந்து, சைக்கிளை நிறுத்திய கையோடு அரை மணி நேரம் ஓட முடிந்தால் சைக்கிள் இலக்கு முடிந்தது.

பெண்கள் படிப்பார்கள் என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன். விடியற்காலை 4 மணிக்குத் தனியாக நெடுஞ்சாலையில் இறங்குவதில்லை. மூன்று பேர் சேர்ந்த பிறகுதான் கிளம்புவோம். சர்வீஸ் ரோட்டில் எதிர்த்திசையில் வரும் இருசக்கர வண்டிகளுக்காக முன் விளக்கு எப்போதும் எரிய வேண்டும். இன்னொரு எதிரி கண்ணுக்கே தெரியாது. வெடித்த லாரி டயரிலிருந்து சிதறும் கம்பி நூல், தலைமுடி அளவுதான் இருக்கும், சாலை ஓரத்தில் கொட்டிக் கிடக்கும். டயருக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டால் புது ட்யூபையும் பத்து நிமிடத்தில் பதம் பார்த்துவிடும். விரலால் தடவினால் தெரியாது. கொஞ்சம் பஞ்சை எடுத்து டயரின் உள்பக்கம் சுற்றிலும் தேய்த்தால், கம்பி இருக்கும் இடத்தில் பஞ்சு இழை மாட்டிக்கொள்ளும். வெளியிலிருந்து நகம் வெட்டியால் பிடித்து இழுத்துவிடலாம். ஆஸ்பத்திரிப் பஞ்சு ஒரு சுருள் என் சைக்கிள் பையில் நிரந்தரமாக இருக்கிறது. பங்ச்சரைத் தனியே, இருட்டில், பதினைந்து நிமிடத்துக்குள் போட வேண்டும் என்பதும் இந்த சீசன் இலக்குகளில் ஒன்று. போட்டியில் வெளியாள் உதவி வாங்கினால் தகுதியே போகலாம்.

மாதனூர் டீக்கடை அண்ணன் ஒவ்வொரு முறையும் கேட்பார். "இன்னா சிஸ்டர், இன்னிக்கு ஏலகிரியா?"

"இல்லண்ணா, ஆம்பூர் வரைக்கும்தான்."

"ஆடிக்கு அப்புறம் போங்க. மலைமேல காத்து கொஞ்சம் அடங்கும்."

சைக்கிள் மிதிக்காதவர் சொன்ன யோசனைதான், ஆனால் அவர் சொன்ன மாதத்தைத்தான் நானும் குறித்து வைத்திருக்கிறேன்.

சாப்பாடு இந்தப் போட்டியின் நான்காவது விளையாட்டு என்றே நினைக்கிறேன். நீண்ட நேரப் பயிற்சியில் மணிக்கு 60 முதல் 90 கிராம் மாவுச்சத்து தேவை என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. குளுக்கோஸ் மட்டும் என்றால் குடல் மணிக்கு ஏறக்குறைய 60 கிராமுக்கு மேல் உறிஞ்சாது. ஃப்ரக்டோஸ் வேறு வாசல் வழியாகப் போவதால் இரண்டையும் கலந்தால் கூடுதலாக உள்ளே போகும். நம் வீட்டுச் சர்க்கரையில் இரண்டும் சரிபாதி இருக்கின்றன. ஒரு லிட்டர் தண்ணீரில் 60 கிராம் சர்க்கரை, கால் டீஸ்பூன் உப்பு, ஒரு எலுமிச்சம்பழம். விலை உயர்ந்த பொடிகளை வாங்க முடியாதவர்கள் இதிலேயே ஆரம்பிக்கலாம். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 25 கிராம் அளவுக்கு மாவுச்சத்து இருக்கிறது. இளநீர் நல்லது, ஆனால் அதில் பொட்டாசியம்தான் அதிகம், சோடியம் குறைவு, உப்புப் போட்டுக்கொள்ளுங்கள். கடலை மிட்டாய் ருசிதான், கொழுப்பு சேர்ந்திருப்பதால் மெதுவாகச் செரிக்கும். மலை ஏறும்போது வேண்டாம்.

வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடிப்பது ஆபத்து என்பதை நர்ஸாகவே சொல்கிறேன். வியர்வையில் உப்பு போய்க்கொண்டிருக்கும்போது தண்ணீரை மட்டும் ஊற்றினால் இரத்தத்தில் சோடியம் இறங்கும். முதலில் தலைவலி, குமட்டல், அப்புறம் குழப்பம், முற்றினால் வலிப்பு. தாகத்துக்குக் குடியுங்கள், உப்போடு குடியுங்கள். வயிற்றைப் பழக்குவதும் பயிற்சிதான் என்பதால், இரண்டு ஏலகிரிப் பயணத்திலும் மணிக்கு 60 கிராம் வயிற்றில் தங்கியிருக்க வேண்டும் என்பதை, உச்சிக்குப் போய்ச் சேருவதைவிட முக்கியமான இலக்காக எழுதி வைத்திருக்கிறேன்.

வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இருந்தாலும் ஒரு விஷயம். வெயிலில் தொடர்ந்து 10 முதல் 14 நாட்கள் அளவோடு உழைத்தால் உடம்பு மாறுகிறது. இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது, வியர்வை சீக்கிரம் வருகிறது, அதில் உப்பு குறைகிறது, அதே வேகத்துக்கு நெஞ்சுத்துடிப்பு தணிகிறது. ஆனால் இந்தப் பழக்கம் சில வாரங்களில் கரைந்துவிடும். மே மாதக் கத்திரியில் வெந்து எடுத்ததை நவம்பர் வரை சேமித்து வைக்க முடியாது. எனவே கத்திரியில் நான் வீம்புக்கு வெயிலில் ஓடப் போவதில்லை. ஆறு மணிக்குள் வேலையை முடித்துவிட்டுக் குளத்துக்குப் போய்விடுவேன். வெப்பத் தாக்குதலில் உடல் சூடு 40 டிகிரியைத் தாண்டி, பேச்சுக் குழறி வருபவர்களைப் பார்ப்பவள் நான். மே மாத நண்பகலில் ஓடி வீரம் காட்டாதீர்கள்.

வெயில் பயிற்சிக்கான மாதம் புரட்டாசி. பொன் உருகக் காயும், மண் உருகப் பெய்யும் என்று அந்த மாதத்தைச் சொல்வார்கள். அதன் கடைசி வாரத்திலிருந்து விமானம் ஏறும் வரை காலை பத்து மணிக்குமேல் வீட்டு மாடியில் சைக்கிளை ட்ரெயினரில் (நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் தாங்கி) பூட்டி, மின்விசிறி இல்லாமல் ஒரு மணி நேரம் மிதிப்பேன். லங்காவியின் சூடு நம் சூடு மாதிரி இல்லை. நம் ஊர்க் காய்ந்த வெயிலில் வியர்வை உடனே ஆவியாகி உடம்பைக் குளிர்விக்கும். அங்கே காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை சொட்டிக்கொண்டே இருக்கும், குளிர்ச்சி வராது. காற்றுப் புகாத இடத்தில் மிதிப்பது அதற்கு அருகில் வரும்.

ஓட்டத்துக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வார நாளில் கோட்டைப் பக்கம், எல்லாம் மெதுவான ஓட்டம். நார்வேயில் பணியாற்றும் ஸ்டீபன் சைலர் உலகத் தரமான வீரர்களின் பயிற்சியை ஆராய்ந்து, அவர்களுடைய பயிற்சி வேளைகளில் ஐந்தில் நான்கு பங்கு இலேசானவை என்று காட்டினார். அவர்களுக்கே அப்படி என்றால் நைட் டூட்டி பார்க்கும் எனக்குச் சந்தேகமே வேண்டாம். நீண்ட ஓட்டம் மட்டும் திருவண்ணாமலையில். பௌர்ணமி இல்லாத நாளாகப் பார்த்து விடியுமுன் போய், இந்திர லிங்கத்தில் தொடங்கி அக்னி, எம, நிருதி என்று எட்டு லிங்கங்களையும் அடையாளமாக வைத்து ஓட வேண்டும். ஒரு லிங்கத்திலிருந்து அடுத்த லிங்கம் வரை ஓட்டம், அங்கே பத்து மூச்சுக்கு நடை, ஒரு வாய் உப்புத் தண்ணீர். போட்டியில் உதவி மையங்களில் செய்யப்போவதும் இதுதான். நடந்து வலம் வருபவர்களுக்கு வழிவிட்டு, ஓரமாக. அதிகபட்சம் இரண்டு சுற்று, 28 கிலோமீட்டர். மூன்றாவது சுற்றைப் பயிற்சியில் ஓட மாட்டேன். 42-ஐயும் பயிற்சியிலேயே ஓடினால் உடம்பு தேற இரண்டு வாரம் போய்விடும், அந்த இரண்டு வாரம் என்னிடம் இல்லை.

அப்புறம் டூட்டி. நைட் டூட்டி வாரத்தில் கடினமான பயிற்சி எதுவும் வைக்கவில்லை. இரவு முழுக்க விழித்துவிட்டுக் காலையில் சாலையில் சைக்கிள் ஓட்டுவது எனக்கும் ஆபத்து, எதிரே வருபவருக்கும் ஆபத்து. மாமியார் வாசலிலேயே நிற்பார்: "முதல்ல போய்ப் படும்மா, ஓட்டம் எங்கியும் ஓடிடாது." அவர் சொல்வது உடலியல் ரீதியாகவும் சரி. தசை தேறுவது தூக்கத்தில்தான். அந்த வாரங்களுக்கு என் இலக்கு பகலில் ஆறு மணி நேரத் தூக்கம். அதை முடித்தால் பயிற்சி நாட்குறிப்பில் ஏலகிரிக்குப் போடும் அதே டிக் போடுவேன்.

பெண்கள் சீசன் தொடங்குமுன் ஹீமோகுளோபினும், உடம்பின் இரும்புச்சத்துக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்த்துவிடுங்கள். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் எந்த அட்டவணையும் வேலை செய்யாது. ஏறும்போது மூச்சு வாங்குவதை உழைப்புப் போதவில்லை என்று எண்ணி இன்னும் கூட்டிக்கொண்டே போவோம். ஹீமோகுளோபின் சரியாக இருந்து ஃபெரிட்டின் மட்டும் இறங்கியிருந்தாலும் களைப்பு வரும். நாற்பதைத் தாண்டியவர்கள் எடை தூக்கும் பயிற்சியையும் விடக்கூடாது. மாதவிடாய் நிற்கும் காலத்தை ஒட்டி எலும்பும் தசையும் வேகமாகக் குறையும். எனக்கு வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம். முதல் இரண்டு மாதம் அரிசி மூட்டையும் தண்ணீர்க் கேனும் போதும், ஜிம் தேவையில்லை.

இரத்தப் பரிசோதனை முடிந்தது. ஐப்பசிக்கான லீவை ரோஸ்டர் போடுபவரிடம் இப்போதே எழுதிக் கொடுத்துவிட்டேன்; அந்த நாட்களுக்கு என் டூட்டியைப் பார்க்கச் சக நர்ஸ் ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார், பதிலுக்கு அவருடைய கிறிஸ்துமஸ் டூட்டி என்னுடையது. முதல் 400–200 சோதனை வரும் செவ்வாய்க்கிழமை. அதில் வரும் எண்ணை வைத்துத்தான் மாசி மாத நீச்சல் அட்டவணையை எழுத வேண்டும்.